மணி அடிக்கும் வரை

எனக்கு வாய் நீளம். பாலக்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மீன்கடையிலிருந்து மின்சார வாரியம் வரைக்கும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. அப்படிப்பட்ட நான் நடத்துகிற இடத்தில்தான் தினமும் காலையில் அறுபதுக்கு மேல் ஆம்பிளைகள் பத்து நிமிடம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அல்லாஹ் போடுகிற கணக்கு அப்படி.

இடத்தின் பெயர் நிழல் மையம். ஒரு பழைய அரிசிக் கிடங்கின் முன்பாதி. போதை ஊசிப் பழக்கம் உள்ளவர்கள் வருகிற இடம். விட்டுவிட்டு வா என்று நாங்கள் சொல்வதில்லை, வா என்று மட்டும்தான் சொல்கிறோம். விட முடியாதவனுக்குப் புது ஊசி கொடுத்துப் பழையதை வாங்கிக்கொள்கிறோம். ஒருவன் போட்ட ஊசியை இன்னொருவன் போட்டு நோயை வாங்கிக்கொள்ளக் கூடாது, அதற்காக. ஊசியை நிறுத்தியவனுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை. உடம்பு கேட்கிற கேள்விக்கு அந்த மாத்திரை ஒரு நாளைக்குப் பதில் சொல்லிவிடும். அவன் வேலைக்குப் போகலாம், சோறு தின்னலாம், பிள்ளையை ஸ்கூலில் விடலாம்.

அந்த மாத்திரையை முழுங்கக் கூடாது. நாக்குக்கு அடியில் வைத்துப் பத்து நிமிடம் கரைய விட வேண்டும். பேசினால் எச்சிலோடு உள்ளே போய்விடும், பிறகு பிரயோஜனம் இல்லை. ஆரம்பத்தில் இரண்டு பேர் பேசுகிற சாக்கில் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி, வெளியே கொண்டுபோய் விற்றும் விட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு அட்டையை எடுத்துச் சிவப்பு மையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்: ‘மணி அடிக்கும் வரை வாயைத் திறக்காதே. திறந்தால் மாத்திரை கிடையாது. காலில் விழுந்தாலும் கிடையாது. இப்படிக்கு, நஜ்முன்னிசா.’

அன்றிலிருந்து அதுதான் சட்டம். நர்ஸ் லிசி கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து மாத்திரை கொடுப்பாள். பத்து நிமிடம் ஆனதும் ஒரு சைக்கிள் மணியை அடிப்பாள். எல்லோரும் வரிசையாக வந்து நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார்கள். வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து, அந்தப் பத்து நிமிட அமைதி என் காதில் விழுவதே நின்றுபோனது. பின்னால் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது அதுதான்.

மையத்துக்கு அதுவரை ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை பணம் அனுப்பிக்கொண்டிருந்தது. போன டிசம்பரில் ஒரு கடிதம் வந்தது. அவர்கள் வேறு பணிகளில் கவனம் செலுத்தப் போகிறார்களாம். மார்ச் முப்பத்தொன்றோடு உதவி முடிகிறது, இதுவரை செய்த சேவைக்கு மனமார்ந்த நன்றி. மனமார்ந்த நன்றியை எந்த வீட்டுக்காரர் வாடகையாக வாங்கிக்கொள்வார்?

அலைந்தேன். பெரிய கடை வீதியில் ஏறாத படி இல்லை. நம் ஊர் ஆட்களுக்கு ஈகை இல்லை என்று சொல்ல மாட்டேன். கண் ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பார்கள், அன்னதானத்துக்குக் கொடுப்பார்கள், மாட்டுக்குக் கூடக் கொடுப்பார்கள். ஊசிக்காரனுக்கு என்று சொன்னதும் நீண்ட கை சட்டைப் பைக்கே திரும்பிவிடும். “அவனுகளா கெடுத்துக்கிட்டதுக்கு நாம என்னம்மா செய்ய?” என்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

எரிவதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லும் இடம் வரட்டும்.

மையம் மூடினால் யார் எங்கே போவார்கள் என்று எனக்குத் தெரியும், அறுபத்து நாலு பேரையும் தெரியும். ஆனால் ராத்தூக்கத்தைக் கெடுத்தவன் தமிழ்மணிதான். வையம்பட்டிக்காரன், முப்பத்து நாலு வயது. காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போன இடத்தில் முதுகு வலிக்கு என்று யாரோ காட்டிய ஊசியைப் பிடித்தவன், எட்டு வருஷம் விடவில்லை. இப்போது பதினாலு மாதமாக ஊசியைத் தொடாமல் மாத்திரையில் இருக்கிறான். ஊருக்கே திரும்பிப் போய் அப்பன் விட்ட ஒன்றரை ஏக்கரில் முருங்கையும் கடலையும் போட்டிருக்கிறான். மாத்திரைக்காகத் தினமும் விடிவதற்கு முன் பஸ் ஏறி வருவான். பஸ் ஸ்டாண்டைப் பஞ்சப்பூருக்குக் கொண்டு போனதிலிருந்து அங்கே இறங்கி இன்னொரு பஸ். ஒருநாள் கூட வராமல் இருந்ததில்லை. அவ்வளவு ஒழுங்காக வருகிறவனிடம், ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து வராதே என்று எந்த வாயால் சொல்வது? என் நீள வாய்க்கும் அது எட்டாது.

வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் வடிந்த வாரம், யாரோ சொன்னார்கள் என்று ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். வடக்குச் சித்திரை வீதியில் செங்கமலவல்லி மாமி வீடு. பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பா விட்டுப்போன நிலத்தை விற்று ஒரு அறக்கட்டளை வைத்திருக்கிறார். அதில் முடிவெடுப்பது இரண்டே பேர்: மாமியும், அவருடைய பழைய சிநேகிதர் அமிர்தராஜ் சாரும். சார் இருபது வருஷம் தலைமையாசிரியராக இருந்தவர். சட்டைப் பையில் இன்னமும் சிவப்புப் பேனா.

மோர் கொடுத்து உட்கார வைத்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டார்கள்.

“ஊசியை நீங்களே குடுக்கறேளா?” என்றார் மாமி.

“ஆமா மாமி. நாங்க குடுக்கலேன்னா அவன் குப்பையில கெடக்கிறதை எடுப்பான்.”

மாமி தலையசைத்தார். சார் நோட்டைத் திறந்தார். “ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்மா. இதுவரைக்கும் எத்தனை பேர் முழுசா விட்டாங்க? மாத்திரையும் இல்லாம?”

பொய் சொல்ல எனக்கு வராது. “மூணு பேர் சார். அவங்க இப்ப வர்றதில்ல.”

“அறுபத்தி நாலு பேருக்கு மூணு.” சிவப்புப் பேனாவால் எழுதி அடிக்கோடு போட்டார். “என் ஸ்கூல்ல இப்படி ரிசல்ட் வந்திருந்தா என்னைத் தூக்கியிருப்பாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. மாமிதான் சமாதானமாக, “நேர்லயே வந்து பார்த்துடறோமே. அவா என்ன சொல்றான்னு கேக்கணும்” என்றார்.

“காலையில ஒம்பது மணிக்கு வாங்க. எல்லாரும் இருப்பாங்க. நீங்களே கேளுங்க” என்றேன் பெருமையாக. கூட்டம் நிறைந்து இருக்கிற நேரமாகப் பார்த்துச் சொன்னேன். அது எல்லோர் வாயும் மூடி இருக்கிற நேரம் என்று பாழாய்ப்போன என் புத்திக்கு உறைக்கவே இல்லை.

பொங்கல் முடிந்த அடுத்த வாரம் வருவதாக ஏற்பாடு. கிடங்கைக் கழுவிவிட்டோம். எல்லோரும் தலைக்குக் குளித்து, இருக்கிறதில் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வரவேண்டும் என்று உத்தரவு போட்டேன். பந்தல்காரரிடம் இருபது நாற்காலி வாடகைக்கு எடுத்தேன். பழசும் புதுசுமாகக் கலந்து கொடுத்தார், அதற்கு ஒரு சண்டை. அன்று காலை எட்டரைக்குச் சமோசா வாங்கப் போனேன். நேற்றைய எண்ணெயில் பொரித்திருந்தான், அதற்கு ஒரு சண்டை. நான் கடைக்காரனின் ஏழு தலைமுறையை விசாரித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஸ்ரீரங்கத்து ஆட்டோ மைய வாசலில் வந்து நின்றுவிட்டது. தலைமையாசிரியருக்கு ஒன்பது மணி என்றால் ஒன்பதே மணிதான்.

நான் உள்ளே நுழைந்தபோது நடந்துகொண்டிருந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

அறுபத்து நாலு பேர் குளித்து, தலை சீவி, வாயை இறுக மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் அமிர்தராஜ் சார் நின்று, “வணக்கம். எல்லாரும் நல்லா இருக்கீங்களா?” என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறார். சத்தமே இல்லை. ஒருவன் உதட்டைத் திறக்காமல் சிரிக்கிறான். ஒருவன் கூரையைப் பார்க்கிறான். பின்வரிசையில் வெல்டர் ஹனீஃபா மட்டும் சாரைக் கண்டதும் எழுந்து, கைகட்டி நின்று, மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்துகொண்டிருக்கிறான். கண்ணாடிக்குப் பின்னால் லிசி மிச்ச மாத்திரையை எண்ணிக்கொண்டிருக்கிறாள். எண்ணும்போது ஜன்னல் பக்கம் உலகமே இடிந்து விழுந்தாலும் பேச மாட்டாள், கை மட்டும் காட்டுவாள். அந்தக் கையைத்தான் காட்டினாள்.

“எல்லாம் போதையில இருக்கானுங்க” என்றார் சார் மாமியிடம். “ஒருத்தனுக்குக் கூட சுயநினைவு இல்ல.”

மாமி ஓரத்தில் உட்கார்ந்து எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சமோசாப் பொட்டலத்தோடு ஓடினேன். “சார், அது வந்து...”

“நீங்க பேசாதீங்கம்மா. நீங்க பேசினதைத்தான் ஸ்ரீரங்கத்திலேயே கேட்டாச்சே. இவங்க பேசட்டும்.” கையை உயர்த்தினார். முப்பது வருஷம் பிள்ளைகளை அடக்கிய கை. என் வாயே மூடிக்கொண்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவரோரமாக நடந்தார். அங்கே கண்ணாடி போட்டு ஒரு சான்றிதழ் மாட்டியிருக்கிறது. சத்தமாகப் படித்தார்: “‘எஸ். சர்ஃபராஸ், தொண்ணூறு நாள் சிகிச்சையில் போதைப் பழக்கத்திலிருந்து முழுமையாக விடுபட்டார்.’ இதோ. இதைத்தான் நான் கேட்டேன். இந்தப் பையனை மாதிரி நூறு பேரைக் காட்டுங்க, பணம் தரோம்.”

அந்தப் பையன் யார் என்று நான் சொல்வதற்குள் அவர் அடுத்த அடி எடுத்து வைத்தார். அங்கே என் சிவப்பு மை அட்டை.

“‘வாயைத் திறக்காதே. திறந்தால் மாத்திரை கிடையாது. காலில் விழுந்தாலும் கிடையாது.’” மெதுவாக என் பக்கம் திரும்பினார். “இது என்னம்மா? மிரட்டி வச்சிருக்கீங்களா?”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அடுத்தவன் வாயை மூடச் சொல்லிக் கெட்டேன்.

சார் சலித்துப்போய் ஒரு நாற்காலியை இழுத்துக் கையை வைத்தார். அப்போதுதான் தமிழ்மணி சடாரென்று எழுந்தான். கண் பிதுங்க, கையை நீட்டி, வாயைத் திறக்கப் போனான்.

அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. எங்களுக்காகப் பேசப் போகிறான். பேசினால் மாத்திரை போய்விடும். மாத்திரை இல்லாமல் ஒரு பகலும் ஒரு ராத்திரியும். பதினாலு மாதம் கட்டிக் காத்ததை ஒரு வாக்கியத்துக்காகத் தூக்கிப் போடப் போகிறான்.

“தமிழ்மணி! வாயைத் திறந்தே, தொலைச்சுப்புடுவேன்!” என்று கத்தினேன். கிடங்கே அதிர்ந்தது.

திறந்த வாயை அவன் மூடிக்கொண்டான். சார் மாமியைப் பார்த்து, “பாத்தீங்களா? நம்ம முன்னாலயே. வாங்க போகலாம்” என்றார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது, உடைத்தவளும் நான்தான். கையில் சமோசா சூடாறிக்கொண்டிருந்தது.

மாமி எழுந்திருக்கவில்லை. முந்தானையை எடுத்துத் தன் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொரு கையால் சாரை உட்காரும்படி சைகை காட்டினார். முன்வரிசையில் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு நாலு விரலைக் காட்டினான். மாமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். சார் முணுமுணுத்துக்கொண்டே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தமிழ்மணி தன் இடத்துக்குப் போகாமல், வந்து சாருக்குப் பின்னால் நின்றான். நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, காவல் தெய்வம் போல நின்றான். சார் இரண்டு முறை கலவரத்தோடு திரும்பிப் பார்த்தார். அவன் அசையவில்லை.

நாலு நிமிடம். என் பிரசவம் கூட அவ்வளவு நீளமில்லை.

லிசி மணியை அடித்தாள்.

அப்புறம் கேட்க வேண்டுமே! அறுபத்து நாலு வாயும் ஒரே சமயத்தில் திறந்தது. வணக்கம் சார், வணக்கம் அம்மா, மாத்திரை போட்டிருந்தோம் அதான், பேசினா வேஸ்டாயிரும் சார், தப்பா நினைச்சுக்காதீங்க. மீன்கடையைவிட மோசம். “எம் பொண்டாட்டி திரும்பி வந்துட்டா சார்” என்று ஒருவன். “ஏழு மாசமா கூலியை முழுசா வீட்ல குடுக்குறேன், வேணா எங்கம்மாட்ட போன் பண்ணிக் கேளுங்க” என்று ஒருவன் போனை நீட்டுகிறான். எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஹனீஃபா முன்னால் வந்து நின்றான்.

“சார், நான் ஹனீஃபா சார். எட்டாவதுல நீங்கதான் எனக்கு இங்கிலீஷ். நீங்க வந்ததும் வணக்கம் சொல்ல முடியல சார், மன்னிச்சுக்குங்க.”

சார் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். “கடைசி பெஞ்ச் ஹனீஃபாவா?”

“அதே பெஞ்ச்தான் சார்.”

சார் எழுந்து அவன் தோளைப் பிடித்தார். அவர் எழுந்ததும் தமிழ்மணி அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் மூலையில் போட்டான். மரியாதை தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டேன்.

சத்தம் அடங்க ரொம்ப நேரம் ஆனது. சார் என்னைப் பார்த்தார். குரல் தணிந்திருந்தாலும் ஆள் விடுகிற ஆள் இல்லை. “எல்லாம் சரிம்மா. ஆனாலும் மூணு பேர்தானே விட்டிருக்காங்க. அந்தச் சுவத்துல இருக்கிற பையன் மாதிரி...”

“அது என் தம்பி சார்.”

“அப்படியா! இப்ப எங்க இருக்கார்?”

“மௌத்தாப் போயிட்டான். அந்தச் சான்றிதழை வாங்கிட்டு வந்த எட்டாம் நாள்.”

இறந்தவனின் பெயர் இருந்த அந்தச் சான்றிதழைச் சார் திரும்பிப் பார்த்தார்.

“சிகிச்சை குடுத்த எடத்துல நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க சார், யாரையும் குத்தம் சொல்லல. தொண்ணூறு நாள் உள்ள இருந்ததுல உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போச்சு. வெளிய வந்து ஒருநாள் மனசு தடுமாறி, பழைய அளவையே போட்டுக்கிட்டான். எங்க அத்தா ஊரெல்லாம் லட்டு குடுத்திருந்தாரு, பையன் விட்டுட்டான்னு. அதனால தடுமாறினதை எங்ககிட்ட சொல்ல அவனுக்கு வெக்கம். பூட்டின அறைக்குள்ள போட்டுக்கிட்டான். விடலேன்னாலும் பரவாயில்லடா, உசிரோட இருன்னு அவன்கிட்ட யாரும் சொல்லல சார். நானும் சொல்லல. இவ்வளவு பேசுறேனே, அதை மட்டும் சொல்லல.”

அழக்கூடாது என்றுதான் இருந்தேன். அழுதேன்.

“இந்த ரெண்டு வருஷத்துல இங்க வந்தவங்கள்ல ஒரு மௌத்து இல்ல. அதை உங்க நோட்டுல எழுதிக்குங்க சார். அளந்து போடணும்னீங்களே, லிசி மில்லிகிராம் கணக்குல அளந்துதான் போடுறா.”

சார் பேனாவை எடுக்கவில்லை. மாமிதான் பேசினார்.

“எங்காத்துல பெருமாளுக்குத் தளிகை சமைக்கறச்சே வாயைத் திறக்க மாட்டோம். எச்சல் பட்டுடுமோன்னு வாயைக் கட்டிண்டு நிப்போம். நாப்பது வருஷமா நான் அப்படி நின்னிருக்கேன். பேச வராதவா முகம் வேற, பேசாம இருக்கறவா முகம் வேற. உள்ளே நுழைஞ்சதுமே நேக்குத் தெரிஞ்சுடுத்து, இது ஏதோ விரதம்னு. எதுக்குன்னுதான் தெரியலை.” சாரிடம் திரும்பினார். “விட்டவா எத்தனை பேர்னு கேட்டோம். இருக்கறவா எத்தனை பேர்னு நாம கேக்கவே இல்லை. அறுபத்தி நாலுக்கு அறுபத்தி நாலு. உங்க ஸ்கூல்ல எந்த வருஷமாவது இப்படி ரிசல்ட் வந்ததுண்டோ அமிர்தராஜ்?”

சார் நோட்டைத் திறந்து, அந்தச் சிவப்பு அடிக்கோட்டை அடித்தார்.

மாமி தமிழ்மணியை அருகே கூப்பிட்டார். “நீ எங்கேர்ந்து வரே?”

“வையம்பட்டிங்கம்மா.”

“தினமுமா?”

“தினமும்தாங்க. போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். த்ரீ பேஸ் கரண்ட் எங்க ஊர்ல காலையிலதான் வருதுங்க. மோட்டார் போட வேண்டிய நேரத்துல நான் இங்க நாக்கைத் தூக்கிக் காட்டிட்டு இருக்கேன். பாதி முருங்கை காஞ்சு போச்சுங்க.”

“ஒரு வாரத்துக்குச் சேத்துக் குடுத்துடப்படாதோ?” என்று மாமி என்னைக் கேட்டார்.

“எங்களுக்குக் குடுத்திருக்கிற அனுமதியில இல்ல மாமி. கண்ணெதிர்ல, தினமும், இங்கதான். மாத்தச் சொல்லி ரெண்டு வருஷமா மாவட்டக் குழுவுக்கு எழுதுறேன். ஒன்பது லெட்டர். பதிலே இல்ல.”

மாமி சாரைப் பார்த்தார். சார் தலையசைத்ததும் மாமி சொன்னார்: “மூணு வருஷத்துக்கு இந்த இடத்தை நடத்தறது எங்க பொறுப்பு. அந்த விதியை மாத்தறதுக்கும் தனியா பணம் தரோம்.”

“விதியை மாத்தப் பணமா? லஞ்சமா மாமி?”

“அசடே! வக்கீலுக்கு. டாக்டருக்கு. ரெண்டு வருஷத்துத் தகவலை ஒழுங்காத் தொகுத்து எழுதறவாளுக்கு. நீ கோபமா எழுதற லெட்டரை எவன் படிப்பான்?”

அறுபத்து நாலு பேரும் கைதட்டினார்கள். லிசி தன்னை மறந்து மணியை அடித்துக்கொண்டே இருந்தாள். அந்த சமோசாவை நேற்றைய எண்ணெய் என்று பாராமல் மாமியைத் தவிர எல்லோரும் தின்றோம்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி கிடங்கின் ஷட்டரை நான் தூக்கிய சத்தம் பாலக்கரை முழுக்கக் கேட்டிருக்கும். வேண்டுமென்றே அப்படித் தூக்கினேன்.

அப்புறம் நடந்தது முழுக்க அமிர்தராஜ் சாரின் ஆட்டம். கோபக்காரர் எதிரில் நிற்பதைவிடப் பக்கத்தில் நிற்பது எவ்வளவு சுகம் என்று அப்போதுதான் தெரிந்தது. வக்கீல் மனு எழுதினார், டாக்டர் கையெழுத்துப் போட்டார், சார் ஒவ்வொரு ஆபீஸாகப் போய் உட்கார்ந்தார். எந்த ஆபீஸுக்குப் போனாலும் அவரிடம் படித்தவர் ஒருவர் இருந்தார். எழுந்து நின்றவரிடம், “உக்காருப்பா, அந்தப் பதில் லெட்டரை மட்டும் கொடு, போயிடறேன்” என்பார். போக மாட்டார். ஆகஸ்டில் குழு கூடியது. தமிழ்மணியைப் பேச வைத்தோம். பஸ் டிக்கெட்டுகளை ஒரு மஞ்சள் பை நிறையக் கொண்டுவந்து மேஜைமேல் கொட்டினான். தினமும் நாலு டிக்கெட், ஒன்றைக் கூட எறியவில்லை. வேறு எதுவும் அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உத்தரவு செப்டம்பரில் வந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் ஒழுங்காக வருகிறவர்கள் வாரம் ஒருமுறை வந்து, பூட்டுப் போட்ட பெட்டியில் ஏழு நாள் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். காலையில் போனில் முகத்தைக் காட்டி நாக்குக்கடியில் வைத்தால் போதும். முதல் பட்டியலில் பதினொரு பேர். முதல் பெயர் தமிழ்மணி. அந்தத் தாளை நான் சர்ஃபராஸின் சான்றிதழுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டினேன். பார்த்துக்கடா, இப்படி ஒன்று அன்றைக்கு இருந்திருக்கணும் என்று அவனிடம் வாய்விட்டே சொன்னேன்.

முதல் நாள் காலை லிசி தன் மேஜையில் போனை நிறுத்தி வைத்தாள். நான் அதற்கு எதிரிலும், அமிர்தராஜ் சார் போனில் தெரியாதபடி பக்கத்திலும் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். திரையில் தமிழ்மணி. பின்னால் முருங்கை மரங்கள், பக்கத்தில் மோட்டார் கொட்டகை. பெட்டியைத் திறந்தான், மாத்திரையைக் காட்டினான், நாக்குக்கடியில் வைத்தான், வாயை மூடினான்.

பத்து நிமிடம் அவனும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. பஸ்ஸில் கசங்காத சட்டையோடு அவனை நான் பார்ப்பது அதுவே முதல் தடவை. சொந்த மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். என் ஆயுசில் நான் விரும்பி வாயை மூடிக்கொண்டிருந்தது அந்தப் பத்து நிமிடம்தான்.

லிசி மணி அடித்தாள். அவன் நாக்கைத் தூக்கிக் காட்டினான். நான் உடனே ஆரம்பித்தேன்.

“தமிழ்மணி, அன்னைக்கு சாரும் மாமியும் வந்தப்ப மாத்திரையே போனாலும் பரவாயில்லன்னு எங்களுக்காகப் பேச எந்திரிச்சியே, அதை நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா? கமிட்டியில கூடச் சொன்னேன். என்னதான்டா சொல்ல வந்தே?”

அவன் தலையைச் சொறிந்தான். “இல்லக்கா... அது வேற.”

“வேற என்ன?”

“சார் இழுத்தாருல்ல அந்த நாற்காலி, அதுக்குப் பின்னங்கால் ஒடைஞ்சிருந்துச்சு. காலையில நான் உக்காரப் பாத்துட்டு விட்டுட்டேன். உக்காராதீங்கன்னு சொல்ல வந்தேன். நீங்க கத்திட்டீங்க. அதான் வந்து புடிச்சுக்கிட்டேன்.”

“அடப்பாவி! அதுக்காடா மாத்திரையை விடப் பாத்தே? அவரு உங்களையெல்லாம் போதையில கெடக்கானுங்கன்னு சொல்லிட்டு நின்னாரேடா!”

“வயசான மனுஷன்க்கா” என்றான் தமிழ்மணி. “விழுந்தா எலும்பு சேராது.”

கொட்டகையில் விளக்கு எரிந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். முகமெல்லாம் பல்லாகிவிட்டது. “கரண்ட் வந்திருச்சுக்கா. வச்சிடறேன்” என்று எழுந்து ஓடினான். போனை நிறுத்த மறந்துவிட்டான். மோட்டார் போடுகிற சத்தமும், குழாயில் காற்று சீறி, பிறகு தண்ணீர் கொட்டுகிற சத்தமும் எங்களுக்குக் கேட்டன.

நான் சாரைப் பார்த்தேன். மணி அடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. சார் இன்னும் வாயைத் திறக்கவில்லை.